ஓடிப் பிடிக்க முடியாதவர் நாய்க்குட்டிக்குக் கழிப்பிடம் பழக்குவது எப்படி?

கேள்வி, பிப்ரவரி 3

எட்டு வாரக் குட்டி ஒன்று வீட்டுக்கு வரப்போகிறது. நான் இடுப்பில் அறுவை சிகிச்சை ஆனவள். குனிய முடியாது, சட்டென்று எழவும் முடியாது. யாரைக் கேட்டாலும் "முகர ஆரம்பித்ததும் தூக்கிக்கொண்டு வெளியே ஓடு" என்கிறார்கள். ஓட முடியாதவர் என்னதான் செய்வது? "உனக்கு எதற்குக் குட்டி, வளர்ந்த நாயாகப் பார்த்து எடு" என்று வீட்டில் சொல்வதுதான் சரியா?

பிப்ரவரி 3, இரவு

முடியும். நான் வாக்கர் பிடித்து நடப்பவள். முடக்குவாதம் முழங்காலிலும் விரல்களிலும் இருக்கிறது. என் பொம்மி எட்டு வாரத்தில் வந்தவள்தான், இப்போது வீட்டுக்குள் எங்கும் அசுத்தம் செய்வதில்லை.

அந்த "தூக்கிக்கொண்டு ஓடு" என்கிற அறிவுரையை முதலில் தூக்கிப் போடுங்கள். அது ஓடக்கூடிய கால்களுக்காக எழுதப்பட்டது. நமக்கு வேண்டியது வேகம் அல்ல, தூரத்தைக் குறைப்பது. குட்டி இருக்கும் இடத்துக்கும் அது போகவேண்டிய இடத்துக்கும் நடுவில் நாலு எட்டுதான் என்றால் யாரும் ஓட வேண்டியதில்லை, குட்டியே போய்விடும். குட்டி வருவதற்கு முன்னாலேயே வீட்டை அப்படி மாற்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எட்டு வாரக் குட்டிக்கு அடக்கும் சக்தியே இன்னும் வந்திருக்காது. அந்தத் தசைகள் ஓரளவு கட்டுக்குள் வர மூன்று, நான்கு மாத வயது ஆகவேண்டும். அதுவரைக்கும் குட்டி "சொன்ன பேச்சு கேட்காமல்" செய்கிறது என்று நினைக்கவே வேண்டாம். எப்போது வரும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடலாம்: தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட ஐந்து நிமிடத்திலிருந்து அரைமணிக்குள், தண்ணீர் குடித்த சிறிது நேரத்தில், துள்ளி விளையாடும்போது நடுவில் சட்டென்று நிற்கும்போது. இந்த நாலு நேரத்தைப் பிடித்துவிட்டால் முகர்வதைப் பார்த்து அலற வேண்டிய தேவையே குறையும். குட்டி தூங்கும்போதே நீங்கள் மெதுவாக எழுந்து, தடியைப் பிடித்து, கதவருகே போய் நின்றுகொள்ளலாம். அது கண் விழிக்கும்போது நீங்கள் தயாராக இருப்பீர்கள்.

பிப்ரவரி 4

வீட்டு அமைப்பைக் கொஞ்சம் விரிவாக எழுதச் சொல்லியிருந்தார்கள்.

நான் அதிகம் உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில் மடக்குக் கம்பி வேலி போட்டு ஒரு சின்ன அடைப்பு. ஒரு மூலையில் படுக்கை, எதிர்மூலையில் ட்ரெய்னிங் பேட் (மூத்திரத்தை உறிஞ்சும் விரிப்பு), நடுவில் தண்ணீரும் பொம்மைகளும். நாய்கள் படுக்கும் இடத்தை அசுத்தம் செய்யப் பிடிக்காதவை, ஆகவே படுக்கையிலிருந்து எதிர்மூலைக்குத் தானாகவே போகும். ஆனால் அடைப்பு ரொம்பப் பெரிதாக இருந்தால் இந்தக் கணக்கு குழம்பும், வழியிலேயே எங்காவது உட்கார்ந்துவிடும். கூண்டு வைப்பவர்களுக்கும் இதே கதைதான்: குட்டி நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடம் போதும். அதைவிடப் பெரிதானால் ஒரு மூலை படுக்கை, இன்னொரு மூலை கக்கூஸ் என்று அதுவே பிரித்துக்கொள்ளும். வளர்ந்த பிறகும் பயன்படட்டும் என்று பெரிய கூண்டு வாங்கினால் நடுவில் தடுப்புப் பலகை வைக்கலாம்.

வேலியின் கதவுத் தாழ்ப்பாளை வாங்குவதற்கு முன் கையால் திறந்து பாருங்கள், அதுவும் விரல் வலி அதிகமாக இருக்கும் ஒரு நாளில். மேலே தூக்கி, உள்ளே அழுத்தி, பக்கவாட்டில் தள்ளுகிற தாழ்ப்பாள்கள் எனக்கு எட்டாக்கனி. நான் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு ஒரு பெரிய கொக்கி மாட்டினேன், அதில் ஒரு துணி வளையம் கட்டியிருக்கிறேன். மணிக்கட்டை அந்த வளையத்துக்குள் விட்டு இழுத்தால் திறக்கும், விரலே வேண்டாம்.

குழந்தைகளுக்கு வைக்கும் தடுப்புக் கேட் வைப்பதாக இருந்தால் நடுவில் கதவு திறக்கிற வகைதான். தாண்டிப் போகிற கேட் நம்மைப் போன்றவர்கள் வீட்டுக்குள் வரவே கூடாது.

பிப்ரவரி 5

ஒன்று விட்டுப்போனது, அவசரம் என்பதால் தனியாக எழுதுகிறேன். தரையில் கிடக்கும் ஈரம் நமக்கு வெறும் அசுத்தம் அல்ல, விழுகிற அபாயம். ஊன்றுகோலின் ரப்பர் முனை ஈரத் தளத்தில் வழுக்கும். இரவில் நடக்கும் வழியெல்லாம் சின்ன விளக்கு எரியட்டும். குட்டியின் கழுத்துப்பட்டையில் ஒரு சிறு மணி கட்டுங்கள். அது எங்கே இருக்கிறது, காலடிக்கு வந்துவிட்டதா என்று காதாலேயே தெரியும்.

பிப்ரவரி 7

"பேட் பழக்கினால் வாழ்நாள் முழுக்க வீட்டுக்குள்தான் போகும், நாயைக் குழப்பாதீர்கள்" என்று ஒருவர் கண்டிப்பாக எழுதியிருக்கிறார். அவர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. குட்டிகள் எட்டொன்பது வார வயதுவாக்கில் காலுக்கு அடியில் எது பட்டால் போகவேண்டும் என்று ஒரு பிடித்தத்தை உருவாக்கிக்கொள்கின்றன. துணி போன்ற மெத்தென்ற பேட்டில் பழகியது அப்புறம் மிதியடியையும் தரைவிரிப்பையும் அதே கண்ணோடு பார்க்கும். அதனால் என் யோசனை, பேட்டை வெறுமனே விரிக்காமல் ஓரம் தாழ்ந்த ஒரு தட்டில் வைத்து, மேலே செயற்கைப் புல்லோ மண்ணோடு பெயர்த்த உண்மையான புல்லோ வையுங்கள். கால் புல்லைப் பழகும். பிறகு வெளியே போனாலும் புல் புல்தான்.

ஆனால் அவர் சொன்னதன் மறுபாதியை ஒப்புக்கொள்ள மாட்டேன். வாழ்நாள் முழுக்க வீட்டுக்குள் ஓர் இடத்தில் போனால் என்ன கெட்டுவிட்டது? பால்கனி மூலையிலோ குளியலறையிலோ ஒரு புல் தட்டு, அங்கே மட்டும் போகிற நாய். அது முழுமையாகப் பழகிய நாய்தான். வலி கூடிய நாள், மழை, காய்ச்சல், மருத்துவமனையில் படுக்கவேண்டிய வாரம், இத்தனையும் நம் வாழ்க்கையில் வரும். அந்த நாட்களில் நாய் அடக்கிக்கொண்டு கதவைப் பார்த்துத் தவிப்பதைவிட உள்ளே ஓர் இடம் இருப்பது அதற்கும் நல்லது. இதைத் தோல்வி என்று யாராவது சொன்னால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும்.

பூனைகளுக்கான கட்டியாகும் மணலை மட்டும் வேண்டாம். குட்டிகள் எதையும் வாயில் போடும், அது வயிற்றுக்குள் போய் இறுகிவிட்டால் ஆபத்து.

தடுப்பூசித் தொடர் முடிகிற வரைக்கும், அதாவது ஏறக்குறைய பதினாறு வாரம் வரை, ஊர் நாய்கள் எல்லாம் போகிற இடத்தில் குட்டியை இறக்காமல் இருப்பது எப்படியும் நல்லதுதான். குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆக அந்த வயதில் வீட்டுப் புல் தட்டு எல்லாருக்குமே பொருத்தம், நமக்கு மட்டும் அல்ல.

பிப்ரவரி 9

காலை நேரத்தைப் பற்றி யாருமே கேட்கவில்லை. எனக்கு அதுதான் மிகப் பெரிய சிக்கலாக இருந்தது.

முடக்குவாதம் உள்ளவர்களுக்குத் தெரியும், காலையில் மூட்டுகள் இறுகிக் கிடக்கும், அது இளக ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். நாய்க்குட்டிக்கோ நாளிலேயே மிக அவசரமான நேரம் காலையில் கண் விழித்த முதல் நிமிடம். அதாவது நான் மிக மெதுவாக இருக்கும் நேரமும் அது மிக அவசரமாக இருக்கும் நேரமும் ஒன்றே. இதை மனவுறுதியால் ஜெயிக்க முடியாது. அமைப்பால்தான் முடியும்.

இரவு அடைப்பைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே, கை எட்டும் தூரத்தில் வைத்தேன். புல் தட்டு அதற்குள்ளேயே. நான் படுத்தபடியே "மூச்சா போ" என்பேன், அது போய்விட்டு வரும், தலையணைக்குப் பக்கத்து டப்பாவிலிருந்து ஓர் உருண்டை அதற்குப் போடுவேன். அப்புறம் நான் நிதானமாக விரல்களை மடக்கி நீட்டி, சுடுநீரில் கை வைத்து, எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, அவசரம் தீர்ந்துவிட்டது.

படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடலாம். பகலில் மட்டும் தண்ணீரைக் குறைக்கவே கூடாது, வெயில் நாளில் இரவிலும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். தூங்கும்போது குட்டிகளால் பகலைவிடக் கூடுதல் நேரம் அடக்க முடியும், அது ஒரு ஆறுதல்.

பிப்ரவரி 12

"மூச்சா" என்று சொல்லிப் பழக்குவது எப்படி என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். குட்டி உட்கார்ந்து போய்க்கொண்டிருக்கும்போதே அந்தச் சொல்லை மெதுவாகச் சொல்லுங்கள். முதலில் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டாம், அதற்கு இன்னும் அர்த்தம் தெரியாது. போவதும் சொல்லும் பலமுறை சேர்ந்தே வந்த பிறகு, சொல்லைக் கேட்டதும் போகும். வழிகாட்டி நாய்களுக்கும் உதவி நாய்களுக்கும் குட்டியிலேயே இப்படித்தான் பழக்குகிறார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய வரம், ஏனென்றால் வெளியே நின்று காத்திருக்கும் நேரம் குறைந்துவிடும். நிற்பதே வலி என்றால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

பரிசு எப்போது என்பது இன்னும் முக்கியம். முடித்த அந்தக் கணத்தில், அதே இடத்தில். வீட்டுக்குள் திரும்பி வந்து கொடுத்தால் "வீட்டுக்குள் வந்ததற்குப் பரிசு" என்றுதான் அது புரிந்துகொள்ளும். இங்கேதான் குனிய முடியாதவர்கள் மாட்டிக்கொள்கிறோம். நிற்கிற உயரத்திலிருந்து உருண்டையைப் போட்டால் அது உருண்டு எங்கோ ஓடும், குட்டி அதன் பின்னால் ஓடும், பரிசு எதற்கு என்பதே மறந்துபோகும்.

நான் கண்டுபிடித்த வழி ஒரு பிளாஸ்டிக் பைப். குழாய் வேலைக்குப் பயன்படுத்தும் சாதாரணக் குழாய், இடுப்பு உயரத்துக்கு வெட்டி, முனைகளை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கி, வாக்கரின் முன்காலில் இரண்டு ஒட்டுப்பட்டைகளால் கட்டியிருக்கிறேன். மேல் முனையில் உருண்டையைப் போட்டால் 'டக்டக்' என்று உள்ளே இறங்கி, குட்டியின் மூக்குக்கு முன்னால் விழும். சில நாட்களிலேயே அந்தச் சத்தமே பரிசு ஆகிவிட்டது, சத்தம் கேட்டதும் பொம்மி குழாயின் வாயைப் பார்த்துத் தலையைச் சாய்த்து நிற்பாள். ஊன்றுகோல் வைத்திருப்பவர்களும் இதைக் கட்டிக்கொள்ளலாம், கனமே இல்லை.

பிப்ரவரி 13

"வயது எத்தனை மாதமோ அத்துடன் ஒன்று கூட்டினால் அத்தனை மணி நேரம் அடக்கும்" என்ற கணக்கை ஒருவர் போட்டிருக்கிறார். பரவலாகச் சொல்லப்படுவதுதான், ஆனால் அது மேல் எல்லை. இரண்டு மாதக் குட்டியை மூன்று மணி நேரம் விட்டுப் பார்க்கலாம் என்று அர்த்தம் அல்ல. விழித்து விளையாடும் குட்டிக்கு அரைமணி, முக்கால் மணிக்கு ஒரு தடவை தேவைப்படும். சின்ன இனங்களுக்கு மூத்திரப்பையும் சிறிது, இன்னும் அடிக்கடி.

பிப்ரவரி 16

சக்கர நாற்காலியில் இருக்கும் நண்பர் ஒருவர் எழுதியதைப் படித்ததும் நான் யோசிக்காத பக்கம் ஒன்று தெரிந்தது. அவருடைய பயம் மூச்சா அல்ல, சக்கரத்துக்கு அடியில் பாதம் மாட்டுவது. கழிப்பிடப் பயிற்சி தொடங்குவதற்கு முன்பே, நாற்காலி அசையும்போது குட்டி தன் பாய்க்குப் போய் நிற்கப் பழக்கியிருக்கிறார். முதலில் நிற்கும் நாற்காலியைச் சுற்றி உணவு போட்டு பயத்தைப் போக்கி, பிறகு ஒரு அங்குலம் நகர்த்தி, பாய்க்குப் போனால் பரிசு. சக்கரம் உருண்டால் பாய் என்று அதற்குப் பதிந்துவிட்டது. இதை வாக்கருக்கும் ஊன்றுகோலுக்கும் அப்படியே செய்யலாம்.

லீஷ், அதாவது நாயைப் பிடித்து நடத்தும் கயிறு பற்றியும் அவர் கேட்டிருந்தார். இடுப்பில் கட்டிக்கொள்ளும் லீஷ் கால் உறுதியாக இருப்பவர்களுக்கு. சமநிலை தடுமாறுகிறவர்கள் கட்டினால் குட்டி இழுக்கும் ஓர் இழுப்பே போதும். இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும் லீஷும் வேண்டாம், அந்த மெல்லிய கயிறு விரலிலோ கணுக்காலிலோ சுற்றினால் அறுத்துவிடும். குனியாமல் குட்டியைத் திருப்ப அதன் மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸில் ஒரு லேசான கயிறு தொங்கவிடுவது நல்ல யோசனை, முனையில் வளையம் இல்லாமல், ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும். ஆனால் வாக்கரோடு நடக்கும்போது அந்தக் கயிறு வாக்கர் காலில் சுற்றும். நான் உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான் கயிறு, நடக்கும்போது கழற்றிவிடுவேன்.

பிப்ரவரி 20

துடைப்பது. இதில்தான் உடம்பு அதிகம் நோகும், ஆகவே நீளமாக எழுதுகிறேன்.

வாசனை மிச்சம் இருந்தால் அதே இடத்துக்குத் திரும்ப வரும். நமக்கு மணம் போய்விட்டாலும் அதன் மூக்குக்குப் போயிருக்காது. நொதி கலந்த கிளீனர்கள் இதற்கென்றே இருக்கின்றன. ஊற்றியதும் துடைத்துவிடாமல் ஊறவிட வேண்டும், அந்த நொதிக்கு வேலை செய்ய நேரம் வேண்டும். அமோனியா கலந்த தரைத் திரவங்கள் மூத்திர வாசனையையே நினைவூட்டும், அதனால் தவிர்க்கலாம். பிளீச்சை நேராக மூத்திரத்தின் மேல் ஊற்றவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் மூச்சைத் திணறடிக்கும் குளோரமைன் வாயு வரும். பழைய கறை எங்கே என்று தெரியவில்லையா, அறையை இருட்டாக்கி புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள், காய்ந்த மூத்திரம் ஒளிரும்.

குனியாமல் துடைக்க: பழைய துண்டை ஈரத்தின் மேல் போட்டு ஊன்றுகோலால் அழுத்தாதீர்கள், வழுக்கும். நாற்காலியில் உட்கார்ந்து, நீளக் கைப்பிடி மாப்பால் ஒற்றி எடுங்கள். துண்டை எடுக்க, பொருள் எடுக்கும் நீள இடுக்கி இருக்கிறதே, அது போதும். கெட்டியானதை அள்ள நின்றபடியே பயன்படுத்தும் நீளப்பிடி அள்ளி கிடைக்கிறது. ஒரு கையால் இயக்கும் வகையாகப் பார்க்கவும், இன்னொரு கை பிடிமானத்துக்கு வேண்டும்.

என்னைப் போல மெத்தோட்ரெக்சேட் மாதிரி நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் கையுறை இல்லாமல் இதைத் தொட வேண்டாம். குட்டிகளின் மலத்தில் குடற்புழு முட்டைகளும் சில பாக்டீரியாக்களும் இருக்கலாம், எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் மூத்திரம் வழியே பரவும். வட்டப்புழு முட்டை தொற்றும் நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகும், ஆகவே உடனுக்குடன் அள்ளிவிட்டால் அந்தப் பயம் பெரும்பாலும் தீர்ந்தது. குடற்புழு மருந்து, தடுப்பூசி அட்டவணையைக் கால்நடை மருத்துவரிடம் முதல் வாரத்திலேயே பேசிவிடுங்கள், உங்கள் மருந்தைப் பற்றியும் அவரிடம் சொல்லுங்கள்.

பிப்ரவரி 21

மூக்கைப் பிடித்து மூத்திரத்தில் தேய்த்தால் புரியும் என்று ஒரு பதில். வேண்டவே வேண்டாம். உங்கள் முன்னால் போனால் அடி விழும் என்பதுதான் அதற்குப் புரியும், பிறகு கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால் ஒளிந்து போகும். ஓடித் தேட முடியாத நமக்கு ஒளிந்து போகும் நாயைவிடக் கஷ்டம் வேறு இல்லை. நம் கண் முன்னால் தைரியமாகப் போகிற குட்டிதான் நமக்கு வேண்டும்.

பிப்ரவரி 24

ஒருவர் வீட்டில் நன்றாகப் பழகிய குட்டி, யாராவது வந்தால் மட்டும் தரையோடு தரையாகப் பதுங்கி, வாலை ஆட்டிக்கொண்டே கொஞ்சம் மூத்திரம் விட்டுவிடுகிறதாம். அது பயிற்சிக் குறை அல்ல, பணிவிலும் பரபரப்பிலும் தானாகக் கசிவது. பெரும்பாலும் வளர வளரப் போய்விடும். வருகிறவர்கள் மேலே குனிந்து கொஞ்சாமல், பக்கவாட்டில் உட்கார்ந்து, அது வரட்டும் என்று இருந்தால் குறையும். திட்டினால் கூடும்.

இதற்கு நேர்மாறாக, அடிக்கடி உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகப் போகிறது, முக்குகிறது, ரத்தம் கலந்திருக்கிறது, பழகிய குட்டி திடீரென்று எங்கும் போகிறது என்றால் அது மூத்திரப்பாதைத் தொற்றாக இருக்கலாம். அப்போது பயிற்சியை விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

மார்ச் 2

வளர்ந்த நாயைப் பற்றி முதல் கேள்வியில் இருந்ததற்கு நான் நேராகப் பதில் சொல்லவே இல்லை. இத்தனையும் எழுதிய பிறகு யோசித்துப் பார்த்தால், வீட்டில் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஏற்கெனவே பழகிய, நிதானமான, இரண்டு மூன்று வயது நாய் நமக்குப் பல மாத வேலையை மிச்சப்படுத்தும். தனியாக இருப்பவர், விழுந்தால் எழுப்ப ஆள் இல்லாதவர், எலும்பு தேய்ந்து முறிவு பயம் இருப்பவர், இவர்களுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் "உனக்கு எதற்கு" என்ற தொனியில் அல்ல. குட்டிதான் வேண்டும் என்று தெளிவாக இருக்கிறவரிடம் வீட்டில் சொல்லவேண்டிய பேச்சு, "காலை நேரத்தை யார் பார்த்துக்கொள்வது?" என்பதுதான்.

உதவிக்கு யாராவது வருகிறார்கள் என்றால் அவர்களும் அதே சொல், அதே இடம், அதே பரிசு. நான் புல் தட்டுக்கு அழைக்க, அவர்கள் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனால் குட்டிக்கு இரண்டு சட்டம் ஆகிவிடும். என் வீட்டில் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன், எப்போது போனது, எங்கே போனது என்று யார் பார்த்தாலும் எழுதவேண்டும். ஒரு வாரம் எழுதினாலே அந்தக் குட்டியின் நேரம் பிடிபட்டுவிடும்.

மார்ச் 11

கேள்வி கேட்டவரின் குட்டி வந்துவிட்டது. அடைப்புக்குள் சரியாகப் போகிறதாம், வெளியே விட்டால் கூடத்தில் போய்விடுகிறதாம். அது இயல்புதான், அதற்கு வீடு என்பது இப்போதைக்கு அந்த அடைப்பு மட்டும்தான், கூடம் அந்நிய நிலம். இடத்தைத் துளித்துளியாகக் கூட்டுங்கள். தட்டில் போய் முடித்த உடனே கால்மணி நேரம் வெளியே, அதுவும் நீங்கள் அதிகம் உட்காரும் அறையில் மட்டும், தரைவிரிப்புகளைச் சுருட்டி வைத்துவிட்டு. அப்புறம் திரும்ப அடைப்பு. அந்த அறையில் சில வாரம் சுத்தமாக இருந்தால் அடுத்த அறை. கூடவே கதவருகே மூக்கு எட்டும் உயரத்தில் ஒரு மணியைத் தொங்கவிடுங்கள், மூக்கால் தொட்டதும் ஓர் உருண்டை, பிறகு தொட்டதும் கதவு திறந்து தட்டுக்கு. மணி அடித்தால் எழுந்து போகவேண்டும் என்பதால், உங்கள் நாற்காலியிலிருந்து மிக அருகில் இருக்கும் கதவாகத் தேர்ந்தெடுங்கள்.